கைராசி போதாது

ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், நம் வீடுகளில் அடுத்து எழும் கேள்வி ‘யார் செய்யறாங்க?’ என்பதுதான். கைராசியான டாக்டர் என்று நாலு பேர் சொல்லக் கேட்டுவிட்டால், நகையை அடகு வைத்தாவது அவரிடமே போய்ச் சேர்வோம். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தாலும் அது அதே மாத்திரைதான். ஆபரேஷனோ கைக்குக் கை வேறாகிவிடுகிறது. நூறு முறை செய்த கைக்கும் ஐந்து முறை செய்த கைக்கும் உள்ள வேறுபாடு நோயாளியின் உயிரைத் தொடும் வேறுபாடு. மக்கள் அனுபவத்தால் கண்டுகொண்ட இந்த உண்மையில்தான் அறுவைச் சிகிச்சை ஆராய்ச்சியின் பெரிய சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஒரு புதிய முறை ஒரு மருத்துவரிடம் நன்றாகப் பலிக்கிறது என்றால், பலித்தது முறையா, அவருடைய கையா? அவரிடம் பலித்ததை நம்பி ஊரெல்லாம் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும்? வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் நுண்துளை அறுவைச் சிகிச்சையின் 40 ஆண்டு வரலாறு இதற்கு விடை வைத்திருக்கிறது. ஒரு கையாலும் ஒரு மருத்துவமனையாலும், பல நேரங்களில் ஒரு நாட்டாலும்கூட இதைத் தீர்மானிக்க முடிந்ததில்லை. பல நாட்டு மருத்துவர்கள் ஒரே விதிமுறையில் வேலை செய்து, ஒரே அளவுகோலால் அளந்து, நல்லதையும் கெட்டதையும் ஒரே ஏட்டில் எழுதும்போதுதான் கைராசி எது, முறையின் பலன் எது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. அந்த ஏட்டில் நம் அரசு மருத்துவமனைகளின் பக்கங்களும் இருந்தாக வேண்டும்.

கணையத்தின் தலைப்பகுதியிலோ அதை ஒட்டியோ கட்டி வந்தால் செய்யப்படும் ‘விப்பிள்’ அறுவைச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, பித்தப்பை ஆகியவற்றை ஒருசேர அகற்றிவிட்டு, எஞ்சிய கணையத்தையும் பித்தநாளத்தையும் இரைப்பையையும் சிறுகுடலோடு மீண்டும் தைத்து இணைக்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்தாலே பல மணி நேரம் பிடிக்கும் இந்த வேலையைத் துளைகள் வழியாகச் செய்யலாமா என்பது உலகளவில் நடந்த விவாதம். கோவை ஜெம் மருத்துவமனையில் சி. பழனிவேலு தலைமையிலான குழு 64 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்துச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டது. திறந்த முறையில் 13 நாட்கள் பிடித்த மருத்துவமனை வாசம் நுண்துளை முறையில் 7 நாட்களாகக் குறைந்திருந்தது, சிக்கல்கள் கூடவில்லை. இரண்டே ஆண்டுகளில் நெதர்லாந்திலிருந்து நேர் எதிரான செய்தி வந்தது. நான்கு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் நுண்துளைப் பிரிவின் 50 பேரில் 5 பேர் 90 நாட்களுக்குள் சிக்கல்களால் இறந்தனர்; திறந்த முறையில் 49 பேரில் இறந்தவர் ஒருவர். எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தபோதும், பாதுகாப்பைக் கண்காணித்த குழு ஆய்வைப் பாதியில் நிறுத்தச் செய்தது. பிறகு 2021-இல் சீனாவின் 14 மருத்துவமனைகள் 656 நோயாளிகளோடு வந்தன. அங்கே இரண்டு முறைகளிலும் இறப்பு விகிதம் ஒன்றுபோலவே இருந்தது. மருத்துவமனை வாசம் 16 நாட்களிலிருந்து 15 ஆனது, அவ்வளவுதான்.

ஒரே ஆபரேஷனுக்கு மூன்று நாடுகளில் மூன்று விடைகள். இவற்றில் எது சரி என்று கேட்பது வீண். மூன்றுமே அவரவர் கைகளைப் பற்றிச் சொன்ன உண்மைகள். கோவையில் செய்தது, நுண்துளை முறையில் நீண்ட காலம் பழகிய ஒரே மருத்துவமனையின் குழு. நெதர்லாந்தில் அதற்கென்றே நடத்தப்பட்ட பயிற்சியை முடித்து, 20 ஆபரேஷன்களைத் தாண்டியவர்கள் செய்தார்கள். சீன ஆய்வில் குறைந்தது 104 முறை செய்தவர்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டார்கள். மூன்றையும் அருகருகே வைத்தால்தான், இந்த முறையின் பாதுகாப்பு மருத்துவரின் அனுபவத்தைப் பெரிதும் சார்ந்திருக்கலாம் என்ற எண்ணம் தோன்றுகிறது. ஆனால் தனித்தனியாக நடந்த ஆய்வுகளை அருகருகே வைப்பதிலும் ஒரு குறை உண்டு. கோவையில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களே 13 நாட்களில் வீடு திரும்பினார்கள். சீனாவில் நுண்துளை முறையில் செய்துகொண்டவர்களுக்கு 15 நாட்கள் ஆயின. அப்படியானால் நாம் எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் உடல் தேறிய வேகத்தையா காட்டின, அல்லது அந்தந்த ஊரில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தையா? அளவுகோல் பொதுவாக இல்லாதபோது ஒப்பீடு மணலில் கட்டிய வீடாகிவிடுகிறது. தொடக்கத்திலேயே பல நாடுகள் சேர்ந்து, யார் செய்யலாம், எதை அளக்க வேண்டும், எந்த நிலையில் நிறுத்த வேண்டும் என்று பேசி முடிவு செய்திருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி இருந்திருக்காது. கணையத்தின் வால்பகுதிப் புற்றுநோய்க்கு அப்படி ஒரு ஆய்வு நடக்கவும் செய்தது: 12 நாடுகளின் 35 மருத்துவமனைகள் சேர்ந்து 258 நோயாளிகளை ஆராய்ந்து, நுண்துளை முறை திறந்த முறைக்குக் குறைந்ததல்ல என்று 2023-இல் ஒரே குரலில் சொல்ல முடிந்தது.

கூடிப் பேசாமல் அவரவர் போக்கில் ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று வேண்டுமென்றால் பித்தப்பையின் கதையைப் பார்க்கலாம். ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூயே 1985 செப்டம்பர் 12 அன்று முதன்முதலாகப் பித்தப்பையை நுண்துளை முறையில், அதாவது லேப்ராஸ்கோப்பி வழியாக அகற்றினார். மறு ஆண்டு ஜெர்மன் அறுவைச் சிகிச்சைச் சங்கத்தில் அதை எடுத்துச் சொன்னபோது கேலிதான் மிஞ்சியது. 1987-இல் பிரான்ஸின் லியோன் நகரில் பிலிப் மூரே வீடியோ உதவியுடன் செய்தார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே காட்டுத்தீபோல் உலகெங்கும் பரவியது. மும்பையில் தெஹெம்டன் உட்வாடியா 1990-இல் இந்தியாவில் அதைத் தொடங்கிவைத்தார். முதலில் கேலி, பிறகு மோகம். இரண்டுக்கும் நடுவில் நடந்திருக்க வேண்டிய ஆய்வு நடக்கவே இல்லை. விளைவாக, திறந்த ஆபரேஷனில் ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு ஏற்பட்ட பித்தநாளக் காயம், புதிய முறையின் தொடக்க ஆண்டுகளில் ஆயிரத்துக்கு நான்கைந்து என்று ஆனது. பித்தப்பைக் குழாய் என்று நினைத்து முதன்மைப் பித்தநாளத்தையே வெட்டிவிட்டால், அந்த நோயாளி வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரிக்கு அலைய நேரிடலாம். ஆண்டுக்கு நூறு பித்தப்பை ஆபரேஷன் செய்யும் ஒருவர், இப்படியொரு காயத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்ப்பார். பார்த்தாலும் அதை அந்த நோயாளியின் போதாத காலம் என்றே எண்ணுவார். பத்தாயிரம் பேரின் கணக்கை ஒன்றாகக் கூட்டும்போதுதான் அது போதாத காலமல்ல, முறையில் உள்ள ஓட்டை என்று தெரியவரும். அரிதான தீங்கைக் காட்டும் கண்ணாடி ஒரு தனி மருத்துவரிடம் இருக்க முடியாது. பித்தநாளத்தைக் காப்பதற்கான உறுதியான வழி, அதாவது வெட்டும் முன் எந்தெந்த அமைப்புகளைக் கண்ணால் தெளிவாகப் பார்த்தாக வேண்டும் என்ற நெறி, 1995-இல்தான் முறைப்படுத்தி எழுதப்பட்டது. முதல் ஆபரேஷன் நடந்து பத்து ஆண்டுகள் கழித்து!

பெருங்குடல் புற்றுநோயில் மருத்துவ உலகம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1990-களின் தொடக்கத்தில், நுண்துளை முறையில் குடல் புற்றை அகற்றிய சிலருக்குத் துளை போட்ட இடத்திலேயே புற்று மீண்டும் முளைத்தது. இம்முறை யாரும் கேலியும் செய்யவில்லை, மோகத்திலும் ஓடவில்லை. ஆய்வுக்குள் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்று மருத்துவச் சங்கங்கள் கட்டுப்பாடு விதித்தன. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 48 மருத்துவமனைகள் 872 நோயாளிகளைச் சேர்த்தன. அந்த ஆய்வில் பங்கேற்க விரும்பிய மருத்துவர் குறைந்தது 20 முறை இந்த ஆபரேஷனைச் செய்திருக்க வேண்டும்; தன் ஆபரேஷனின் வீடியோவையும் அனுப்பித் தேர்வு பெற வேண்டும். கைராசியைக் காற்றில் விடாமல், ஒரு தகுதிக்கோட்டுக்கு மேல் கட்டி நிறுத்தினார்கள். 2004-இல் முடிவு வந்தது: மூன்று ஆண்டுகளில் புற்று மீண்டும் வந்தவர்கள் நுண்துளைப் பிரிவில் 16 சதவீதம், திறந்த பிரிவில் 18 சதவீதம். ஆபரேஷன் காயம்பட்ட இடத்தில் புற்று முளைத்தவர்கள் இரண்டு பிரிவிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் 29 மருத்துவமனைகளிலிருந்து வந்த முடிவு, குறுகிய காலத்தில் நோயாளிகள் விரைவாகத் தேறுவதையும் உறுதி செய்தது. இன்று குடல் புற்றுக்கு நுண்துளை ஆபரேஷன் செய்துகொள்ளும் எந்த ஊர்க்காரருக்கும், அச்சம் எழுந்தபோது நிறுத்தி நிதானித்துக் கணக்குப் பார்த்த அந்த மருத்துவர்கள் கடன் கொடுத்தவர்கள்.

கூட்டு ஆய்வு எப்போதும் புதுமைக்குச் சாதகமாகத்தான் பேசும் என்று நினைத்துவிடக் கூடாது. செரிமானப் பாதைக்கு வெளியே, ஆனால் இதே நுண்துளை முறையில், அதிர்ச்சி தந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கருப்பையை நுண்துளை முறையில் அகற்றுவது பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்தது. ரத்தப்போக்கு குறைவு, வீடு திரும்புவது சீக்கிரம். தனித்தனி மருத்துவமனைகளின் அறிக்கைகள் எல்லாம் நல்லபடியாகவே இருந்தன. பல நாடுகளைச் சேர்ந்த 33 மையங்கள் 631 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டன. நாலரை ஆண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், நுண்துளை முறையில் 86 சதவீதம். இறந்தவர்கள் 3 பேர் ஒருபுறம், 19 பேர் மறுபுறம். உலகெங்கும் மருத்துவ வழிகாட்டுதல்கள் மாற்றி எழுதப்பட்டன. ஆய்வை நடத்தியவர்கள் நுண்துளை முறையின் எதிரிகள் அல்லர். அதைத் தினமும் செய்துவந்தவர்களே. தங்கள் கையில் நன்றாக இருந்தது போலத் தெரிந்ததைக் கணக்கு பொய்யாக்கியபோது அவர்கள் கணக்கின் பக்கம் நின்றார்கள். இந்த நேர்மைதான் கூட்டு ஆய்வு தரும் மிகப் பெரிய பலன். எந்தத் தனி மருத்துவமனையும் தன்னைத் தானே இப்படித் தணிக்கை செய்துகொள்ளாது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் மேற்கு நாடுகள் ஆசிரியர் என்றும் மற்றவர்கள் மாணவர் என்றும் வரிசை ஏதும் இல்லை. இரைப்பைப் புற்றுக்குச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் விரிவாக அகற்றும் ஜப்பானிய முறையை நெதர்லாந்து சோதிக்க விரும்பியபோது, ஜப்பானிய நிபுணர் மிட்சுரு சசாகோ அங்கே போய்க் கற்றுக்கொடுத்தார். 80 மருத்துவமனைகளில் 711 நோயாளிகளுக்குக் குணமாக்கும் நோக்கில் அந்த ஆபரேஷன் நடந்தது. தொடக்க முடிவு கசப்பாக இருந்தது: விரிவான முறையில் இறப்பு 10 சதவீதம், குறுகிய முறையில் 4 சதவீதம். அத்தோடு மூட்டை கட்டியிருந்தால் ஜப்பானிய முறை ஐரோப்பாவில் புதைந்துபோயிருக்கும். அவர்கள் நோயாளிகளை 15 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2010-இல் பார்த்தபோது, இரைப்பைப் புற்றால் இறந்தவர்கள் விரிவான முறையில் 37 சதவீதம், குறுகிய முறையில் 48 சதவீதம். முறை நல்லதுதான், பழகாத கையும், மண்ணீரலையும் கணைய வாலையும் சேர்த்து அகற்றியதும்தான் தொடக்கத்தில் உயிர்களைக் கொண்டுபோயின என்ற தெளிவு பிறந்தது. எதிர்த்திசையிலும் அறிவு பயணித்திருக்கிறது. உணவுக்குழாய்ப் புற்றுக்கு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து நெஞ்சறை வழியாக நுண்துளை ஆபரேஷன் செய்த 130 பேரின் அனுபவத்தைக் கோவைக் குழு 2006-இல் வெளியிட்டது. குப்புறப் படுத்தால் நுரையீரல் தானாக விலகிக்கொள்ளும். அதை வலிந்து சுருக்க வேண்டியதில்லை. இதே குப்புறப் படுக்கும் நிலையில் நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி மூன்றும் சேர்ந்து 115 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. ஆபரேஷனுக்குப் பின் இரண்டு வாரங்களில் நுரையீரல் தொற்று 29 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. கோவையில் பழகிய ஒரு நிலை பல நாட்டுக் கைகளில் சோதிக்கப்பட்ட பிறகே உலகச் சொத்தானது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் வசதியுள்ள மருத்துவமனைகளின் கதைகள். உலகில் ஆண்டுக்கு நடக்கும் 31 கோடிக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில், மக்கள்தொகையின் ஏழ்மையான மூன்றில் ஒரு பங்கினருக்குக் கிடைப்பது வெறும் 6 சதவீதம் என்று ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2015-இல் கணக்கிட்டது. அந்த 6 சதவீதத்தின் தரத்தை யார் ஆராய்ந்தார்கள்? நெடுங்காலம் யாருமில்லை. ‘குளோபல்சர்ஜ்’ என்ற கூட்டமைப்பு இந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கியது. அவசர வயிற்று ஆபரேஷன்களைப் பற்றிய அதன் முதல் ஆய்வில் 58 நாடுகளின் 357 மருத்துவமனைகள் பங்கேற்றன. 2018-இல் வந்த இரண்டாவது ஆய்வு, 66 நாடுகளில் செரிமான உறுப்புகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 12,539 பேரைப் பின்தொடர்ந்தது. ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடித்தவர்கள் வளர்ந்த நாடுகளில் 9.4 சதவீதம், வளர்ச்சி குறைந்த நாடுகளில் 23.2 சதவீதம். நாலு பேரில் ஒருவருக்குப் புண் ஆறாமல் போகிறது என்றால், அது கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் எத்தனை நாள் அடுப்பு எரியாது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கணக்கெடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஆபரேஷனுக்கு முன் தோலைத் துடைக்க ஆல்கஹால் கலந்த குளோரெக்சிடின், தையலுக்குக் கிருமிக்கொல்லி பூசிய நூல் ஆகிய இரண்டும் நல்லவை என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்திருந்தது. சாதாரண அயோடின் மருந்தையும் சாதாரண நூலையும்விட இவை விலை கூடியவை. இந்தியா, கானா, நைஜீரியா, மெக்சிகோ, ருவாண்டா, பெனின், தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் 54 மருத்துவமனைகளில் 5,788 நோயாளிகளிடம் சோதித்தபோது, விலை கூடிய இரண்டாலும் தொற்று குறையவில்லை என்று 2021-இல் தெரிந்தது. அடுத்த ஆய்வு இன்னும் எளிமையானது: வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் மருத்துவரும் உதவியாளரும் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? அதே 7 நாடுகள், 81 மருத்துவமனைகள், 13,301 நோயாளிகள். தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்தும் புதிய இயந்திரமும் தேவைப்படவில்லை. பணக்கார நாட்டு மருத்துவமனைகளில் கிடைத்த விடையை அப்படியே இறக்குமதி செய்தால் வீண் செலவுதான் மிஞ்சும். நம்மைப் போன்ற மருத்துவமனைகளில் சோதித்தால் கையுறை விலையில் தீர்வு கிடைக்கும். இந்தியாவில் இந்த ஆய்வுகளை ஒருங்கிணைத்தது லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

கூட்டு ஆய்வுக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. முதல் மறுப்பு, நோயாளிகளைச் சோதனை எலிகளாக்குவதா என்பது. கேள்வியில் உள்ள அக்கறை நியாயமானது. ஆனால் எதிரே இருக்கும் மாற்று வழி என்ன? ஆய்வுக்கு வெளியே ஒரு மருத்துவர் புதிய முறையை முதன்முதலாகச் செய்து பார்க்கும்போது அந்த நோயாளியும் ஒரு சோதனையில்தான் படுத்திருக்கிறார். வேறுபாடு ஒன்றுதான்: அவரிடம் அதைச் சொல்லிச் சம்மதம் வாங்கியவர் இல்லை, விபரீதமானால் நிறுத்தச் சொல்லும் கண்காணிப்புக் குழு இல்லை, முடிவை எழுதிவைக்கும் ஏடும் இல்லை. நெதர்லாந்தில் விப்பிள் முறை ஆய்வாக நடந்ததால்தான் ஐந்தாவது இறப்போடு நின்றது. ஆய்வே இல்லாத இடத்தில் அது எத்தனையாவது இறப்பில் நின்றிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்கிறதா, மறுத்தால் சிகிச்சை குறையாது என்று தெளிவாகச் சொல்லப்படுகிறதா என்பவற்றைக் கேட்டு வாங்குவதே இந்த அக்கறைக்குச் சரியான வடிவம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. விதைப்பது நாம், அறுப்பது அவர்கள்; நம் நோயாளிகளின் தகவலைத் திரட்டிக்கொண்டு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பெயர் வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வெறும் மனத்தாங்கல் அல்ல; மருத்துவ ஆராய்ச்சி வரலாற்றில் அதற்கு நிறைய ஆதாரம் உண்டு. மேலே சொன்ன 7 நாட்டு ஆய்வுகளுக்கும் முக்கியமாகப் பணம் வந்தது பிரிட்டிஷ் அரசிடமிருந்துதான். கூட்டமைப்புகள் இதற்கு ஒரு பதில் கண்டிருக்கின்றன: தகவல் சேர்த்த ஒவ்வொருவரும் கூட்டாசிரியராகப் பெயர் பெறுகிறார். கொரோனா காலத்தில் 116 நாடுகளின் 1,674 மருத்துவமனைகள் ஒன்றிணைந்து 1,40,231 நோயாளிகளை ஆராய்ந்தபோது, அந்தத் திட்டத்திலிருந்து வந்த ஒரு கட்டுரைக்கு 15,025 ஆசிரியர்கள். அது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. ஆனால் பெயர்ப் பட்டியலில் இடம் கிடைப்பதும் கேள்வியை வகுக்கும் மேசையில் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல. இந்தக் குறை தீர வேண்டுமானால் நாம் விலகி நிற்பது உதவாது; நம் கேள்வியோடு உள்ளே போக வேண்டும். அதற்கு முன்மாதிரி இங்கேயே உண்டு. நுண்துளை ஆபரேஷனுக்கு வயிற்றை வாயுவால் ஊதிப் பெரிதாக்க வேண்டும்; அதற்கு முழு மயக்கமும் மயக்க மருத்துவரும் தேவை. இவை கிடைக்காத இடங்களில், வாயு இல்லாமல் வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்து, முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டுச் செய்யும் முறையை இந்தியக் கிராமப்புற அறுவை மருத்துவர்கள் கையாண்டார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் அவர்களோடு சேர்ந்து அதற்கான கருவியை மேம்படுத்தியது. கேள்வி இங்கிருந்து போனது. பொறியியல் அங்கிருந்து வந்தது. பங்காளிகள் நடந்துகொள்ள வேண்டிய முறை இதுதான். வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுகளை வடிகட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழியாகச் செல்லும் மத்திய அரசின் அனுமதி முறையும் இருக்கிறது. அந்தக் கதவைக் காவலுக்கு வைத்துக்கொள்வோம். பூட்டுப் போட வேண்டாம்.

மூன்றாவதாக, எங்களுக்கு நேரம் எங்கே என்று அரசு மருத்துவர்கள் கேட்கலாம். வெளிநோயாளிப் பிரிவில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவது எரிச்சலூட்டக்கூடும். ஆனால் குளோபல்சர்ஜ் முறையே இந்த எரிச்சலைப் புரிந்துகொண்டு வகுக்கப்பட்டது. தொடர்ச்சியாக இரண்டு வாரங்கள், அந்த நாட்களில் வந்த ஒவ்வொரு நோயாளிக்கும் சில கேள்விகள், 30-ஆம் நாள் ஒரு விசாரிப்பு. வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பயிற்சி மருத்துவர்களும் மாணவர்களும். நாம் சுமை என்று நினைக்கும் கூட்டம்தான் ஆராய்ச்சியில் நம்முடைய செல்வம். ஐரோப்பாவில் ஒரு மருத்துவமனை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சேர்க்கும் எண்ணிக்கை, நம் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு மாதக்கணக்கில் சேர்ந்துவிடும்.

நான்காவது மறுப்பு, கருவி நிறுவனங்களின் பணம் முடிவுகளை வளைத்துவிடும் என்பது. இந்த அபாயம் தனி மருத்துவமனைகளில்தான் அதிகம்; பொதுப் பணத்தில் பல நாடுகளில் நடக்கும் ஆய்வே அதற்கு மருந்து. மலக்குடல் புற்றுக்கு ரோபோ உதவியோடு செய்யும் ஆபரேஷனை பிரிட்டிஷ் அரசு நிதியில் 10 நாடுகளின் 471 நோயாளிகளிடம் சோதித்தபோது, பாதியில் திறந்த முறைக்கு மாற நேர்ந்தவர்கள் ரோபோ பிரிவில் 8.1 சதவீதம், சாதாரண லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம், இந்த வேறுபாடு உறுதியானதென்று சொல்லப் போதவில்லை என்று 2017-இல் முடிவானது. 2022-இல் சீனாவின் 11 மருத்துவமனைகள் 1,240 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ரோபோவுக்குச் சாதகமாக வந்தது. மீண்டும் அதே புதிர்: அங்கே பலித்தது இயந்திரமா, பழகிய கைகளா? சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு 2022-இல் ரோபோ வந்துவிட்டது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய இயந்திரம் யாருக்கு எவ்வளவு பலன் தருகிறது என்பதை விற்பனைப் பிரதிநிதியின் வண்ண ஏட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை நமக்கு இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இதில் சேர முதல் தகுதி நெடுநாளாகவே இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் என். ரங்கபாஷ்யம் உருவாக்கிய இரைப்பை-குடல் அறுவைச் சிகிச்சைத் துறை இந்தியாவில் அந்தப் பிரிவுக்கு வழிகாட்டியது. கோவையின் அனுபவம் உலக ஆய்வுகளில் பேசப்படுகிறது. இல்லாதது, அரசு மருத்துவமனைகளை ஒன்றோடொன்றும் உலகோடும் இணைக்கும் ஏற்பாடு. இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படும் செரிமான உறுப்பு ஆபரேஷன்கள் ஒவ்வொன்றுக்கும், நோயாளி 30-ஆம் நாள் எப்படி இருக்கிறார் என்ற ஒரு பதிவைப் பணம் கோரும் படிவத்தோடு கட்டாயமாக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் அறுவைச் சிகிச்சைத் துறைகளுக்கு ஓர் ஆய்வு ஒருங்கிணைப்பாளரை நியமிக்கலாம். முதுநிலை மாணவர்கள் பட்டத்துக்காக எழுதி அலமாரியில் அடுக்கிவைக்கும் சிறு சிறு ஆய்வேடுகளுக்குப் பதில், பல கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் ஒரே ஆய்வில் ஒரு பகுதியைச் செய்தால் அதையே ஆய்வேடாக ஏற்கலாம். புதிய முறையை ஒரு மருத்துவமனை தொடங்கும்போது முதல் ஆபரேஷன் முதற்கொண்டு பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதிக்கலாம். இவை நடந்தால், அடுத்த பல நாட்டு ஆய்வு திட்டமிடப்படும்போது மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ ஒருவர், எங்கள் நோயாளிக்கு எது முக்கியம் என்று சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பார்.

நல்ல கையைத் தேடிப் போவது நோயாளியின் உரிமை. எல்லாருக்கும் நல்ல கை கிடைக்கும்படி செய்வது அரசின் கடமை. அந்தக் கை எது என்று காட்டும் கணக்கை எழுதுவது மருத்துவர்களின் பொறுப்பு. அடுத்த முறை ‘யார் செய்யறாங்க?’ என்று கேட்கும்போது, இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம்: இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எங்கே எழுதிவைத்திருக்கிறீர்கள்?